மூன்றாவது சிலிண்டரில் ஐம்பத்தொன்று

ஜீப் சேற்றில் சிக்கி நின்ற அன்று நான் அங்கே இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதன் சொந்தக்காரர் என் பட்டறைக்கு வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே பதினொரு மைலில் இருந்த ஒரு கிராமத்தில் அவர் பெரிய மிராசுதார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஐயா’.

“கூலிக்காரனுங்க என்னை ஒண்ணும் பண்ணலய்யா” என்றார். “திட்டக்கூட இல்ல. மத்தியானத்துலேருந்து பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பக்க வரப்புலயும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தானுங்க. பொம்பளைங்க, புள்ளைகுட்டிங்க எல்லாம். ஒருத்தன் வாயைத் தொறக்கல.”

நான் வாங்கிக் கொடுத்த டீயை அவர் குடிக்கவில்லை. டம்ளரின் மேல் ஆடை படிந்தது. அன்றைய நாட்குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன். கார்த்திகை கடைசி. மழை விட்டு இரண்டு நாள்.

ஆட்சி மாறிய பிறகு வந்த இரண்டாவது சம்பா அது. ஐயாவின் வீட்டுக் கூடத்தில் பழைய தலைவர்களின் படங்கள் இறங்கிப் புதியவர்களின் படங்கள் ஏறியிருந்தன. ஜீப்பின் முன்கம்பியில் பறந்த கொடியின் நிறமும் மாறியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சில், அவருடைய பட்டாக்கள் மச்சினர், மருமகள், கோயில், இன்னும் பிறக்காத பேரன் என்று பல பெயர்களுக்குப் பிரிந்துகொண்டிருந்தன. தொழிலாளர் தெருவின் முனையில் செங்கொடி ஏறியிருந்தது. அறுவடைக் கூலியில் கலத்துக்கு ஒரு படி நெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று தெருவில் முடிவு செய்திருந்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்று ஐயா சொல்லியிருந்தார். அவருடைய வயல்களுக்குப் போக இருந்தது ஒரே பாதை. தொழிலாளர் தெருவை ஒட்டிய வாய்க்கால் கரை அது. மழைக்குப் பிறகு அதில் மாட்டுவண்டிகூட அச்சு வரை இறங்கும்.

“நிக்காத வண்டி வேணும். அவ்வளவுதான்” என்றார் ஐயா.

அந்த ஜீப் எதற்காகப் போகப்போகிறது என்று தெரிந்தேதான் வேலையை ஒப்புக்கொண்டேன். மறுக்கப் பயமாக இருந்தது. அந்த மாதங்களில், எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று ஒருவன் இருக்க முடியவில்லை. மறுத்தால் அந்தப் பக்கம், ஏற்றால் இந்தப் பக்கம். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது உண்மை ஆகாது. நீளமான கிராங்க்கைப் போட்டு எஞ்ஜினின் இழுவையைக் கூட்டுவது பற்றி ஒரு பழைய ராணுவக் கையேட்டில் படித்திருந்தேன். அதுவரை என் கையால் செய்து பார்த்ததில்லை. ஆசையும் இருந்தது.

கிராங்க் என்பது எஞ்ஜினின் வயிற்றுக்குள் சுற்றும் மடங்கிய தண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதை அது சுழற்சியாக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. திருகையில் கைப்பிடி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகச் சுற்றலாம் என்பது மாவு அரைத்தவர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். கிராங்க்கின் கை நீண்டால் பிஸ்டனின் ஓட்டம் நீளும். மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கூடும். சேற்றுக்கு வேண்டியது வேகம் இல்லை, இழுவை. சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்கும் ஒருவரிடம், அதே வகை எஞ்ஜினில் ஜெனரேட்டருக்காக வந்த ஒரு கிராங்க் கிடைத்தது. அதன் கை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் நீளம். அதற்கு ஏற்ற பிஸ்டன்களும் கூடவே வந்தன.

ஆபத்து ஒன்று உண்டு. கை நீளும்போது, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கம்பியின் அடிமுனை இன்னும் அகலமாக வீசிச் சுற்றும். அந்த முனையில் இருக்கும் போல்ட்டின் தலை எஞ்ஜினின் உட்சுவரை உரசுகிற அளவுக்குப் போகும். உரசினால் கம்பி முறியும். முறிந்த கம்பி எஞ்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் உட்சுவரின் ஓரத்தை அராவி இடம் செய்ய வேண்டும். குறைந்தது அறுபது தவு இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தவு’ என்போம். ஒரு தபால் கார்டின் கனம் ஒன்பது தவு. நானே அளந்து வைத்திருக்கிறேன்.

ஜீப்பைக் கொண்டுவந்து விட்டது அதன் டிரைவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஐயாவின் கிராமத்துத் தொழிலாளர் தெருவிலேயே பிறந்து, ஒன்பது வருடம் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். ராணுவத்தில் கழித்துவிட்ட அந்த ஜீப்பை வாங்கிய ஐயாவுக்கு, அதைச் சேற்றில் ஓட்டத் தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை. டிரைவருடைய தகப்பனார் ஐயாவை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர். இவர் ‘ஐயா’ என்று கூப்பிட்டார். அதற்கே பண்ணையாட்கள் முறைத்தார்கள். தெருவிலோ, அறுவடைக்கு எதிராளியின் வண்டியை ஓட்டுகிறவன் என்று சொந்த அண்ணனே பேசுவதை நிறுத்தியிருந்தார்.

“எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புனாலும் ஒருத்தன் திட்டுறான்ணே” என்பார். “நேரா ஓட்டலாம்னா ரோடு எங்க நேரா இருக்கு?”

எஞ்ஜினைப் பிரித்த நான்கு நாளும் அவர் பட்டறையிலேயே இருந்தார். சும்மா இருக்க முடியாத மனிதர். எதையாவது துடைப்பார், அடுக்குவார். இடைவெளியை அளக்க எனக்குக் களிமண் வேண்டும் என்றதும், முள்ளியாற்றுக் கரையிலிருந்து நான் எடுத்துக் காயவைத்திருந்த வண்டல் தூளை அவரே பின்பக்கம் கொண்டுபோய்ப் பிசைந்து வந்து கொடுத்தார்.

இடைவெளியைக் களிமண்ணால் அளப்பது என் வழக்கம். தகட்டுக் கேஜ் அந்த மூலைக்குள் நுழையாது. போல்ட் கடந்துபோகும் இடத்தில் உட்சுவரின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினால், போல்ட்டின் தலை மண்ணை நசுக்கிக்கொண்டு போகும். நசுங்கிய இடத்தில் மிஞ்சிய கனம்தான் இடைவெளி. ஈரமாக இருக்கும்போது அளந்தால் கருவியின் வாய் மண்ணை அமுக்கிவிடும். அதனால் ஒரு நாள் காயவிட்டு, பிளேடால் பெயர்த்து அளப்பேன். காய்ந்தால் சுருங்குமே என்று கேட்கலாம். அதற்கு ஒரு அட்டவணை வைத்திருந்தேன். ஒரு கோடை முழுக்க வில்லை வில்லையாகப் பிசைந்து, காயவைத்து, கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிய அட்டவணை. எங்கள் வண்டல் நூறு தவு ஈரத்தில் இருந்தால் காய்ந்தபின் எண்பத்தைந்து. கோடையில் வயல் வெடிப்பதைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நான் அளவெடுக்கும்போது பட்டறையில் யாரும் பேசக்கூடாது.

அன்று களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தபோது டிரைவர், “அண்ணே, அந்த மண்ணுல...” என்று ஆரம்பித்தார். நான் திரும்பாமலே இடது கையை உயர்த்தினேன். அவர் நிறுத்திக்கொண்டார். பட்டாளத்தில் இருந்தவர், உயர்த்திய கைக்கு அர்த்தம் தெரியும். அப்புறம் அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் பெயர்த்தேன். மண் ஓடுபோல வராமல் தோல்போல வந்தது. விரல் ஏதோ சொன்னது. மார்கழிப் பனி, சரியாகக் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முதல் சிலிண்டர் அறுபத்தெட்டு, இரண்டாவது அறுபத்தாறு, நான்காவது அறுபத்து நான்கு. மூன்றாவது ஐம்பத்தொன்று. அட்டவணையைப் பார்த்தேன். காய்ந்து ஐம்பத்தொன்று என்றால் ஈரத்தில் அறுபது. கச்சிதம். விரலை நம்பாமல் அட்டவணையை நம்பினேன். மேற்கொண்டு அராவாமல் எஞ்ஜினை மூடினேன்.

முள்ளியாற்றுக் கரைச் சேற்றில் ஓட்டிப் பார்த்தபோது ஜீப் எருமை போல நிதானமாக ஏறி வந்தது. ஐயா கையைத் தட்டிச் சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

தை பிறந்து ஆறாம் நாள் மத்தியானம், டிரைவர் சைக்கிளில் ஒரு ஃபேன் பெல்ட் வாங்க வந்தார். நான் ஒரு பம்ப்செட் எஞ்ஜினுக்காக வண்டலில் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். நின்று பார்த்தார்.

“தண்ணியாண்ணே விடுறீங்க? காஞ்சி போயிடாதா?”

“காயத்தான் விடுறேன். ஏன்?”

“எங்க பட்டாளத்து ஒர்க்‌ஷாப்ல விளக்கெண்ணெய் விட்டுத்தான் பெசைவோம். எத்தினி நாளானாலும் சுருங்காது. அன்னிக்கி நான் அப்படித்தான பெசைஞ்சேன். சொல்ல வந்தேன், நீங்க கையைக் காட்டுனீங்க.”

என் கையில் இருந்த மண் விழுந்தது. அவர் செய்ததுதான் நல்ல முறை. எண்ணெயில் பிசைந்த மண் சுருங்கவில்லை. அப்படியானால் ஐம்பத்தொன்று என்றால் ஐம்பத்தொன்றுதான். சுருங்காத மண்ணுக்குச் சுருக்கம் கூட்டி, நான் ஒரு தபால் கார்டு கனத்தைக் காற்றிலிருந்து உண்டாக்கியிருந்தேன்.

“வண்டி மறுபடி எப்ப வெளிய எடுக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் காலையில. வெளியூர் ஆளுங்க இருவது பேரு டிரெய்லர்ல. எங்க தெரு வழியாத்தான்.”

இடைவெளி குறைவு என்பதை அவருக்குச் சொன்னேன். தெருவுக்கு நடுவே, பாரத்தோடு, முழு இழுவையில் அந்தக் கம்பி முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“முறிஞ்சா எங்க தெருக்காரங்க மத்தியில அந்த இருவது பேரோட நிப்பேன். முறியறதுக்கு முன்னாடி வண்டியைத் தொறந்தா, ஏன் தொறந்தேன்னு ஐயா கேப்பாரு.” ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். “அண்ணே, போன வாரம் டிராக்டரு டீசல் டேங்குல யாரோ மணலைப் போட்டுட்டாங்க. எங்க தெருப் பையன் ஒருத்தனைப் புடிச்சிட்டுப் போயி தேங்காக் கொட்டாயில ரெண்டு நாளு வச்சிருந்தாங்க. அவன் இப்ப எடது கையாலதான் சாப்பிடுறான். எஞ்ஜினுக்கு மண்ணு பெசைஞ்சது நானுன்னு தெரிஞ்சா, எண்ணெயின்னு யாரு நம்புவாங்க?”

“நான் பிசைஞ்சதாச் சொல்றேன்” என்றேன்.

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. ரம்பம், அரம், மைக்ரோமீட்டர், விளக்கெண்ணெய்ப் புட்டி, புதுக் கார்க் பேக்கிங், எண்ணெய் டின், கிழிந்த வேட்டித் துணி எல்லாவற்றையும் பையில் போட்டேன். வேலைக்குப் போகும்போது எப்போதும் எடுத்துக்கொள்வது போல நாட்குறிப்பையும் போட்டேன். இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். மணி ஒன்றே கால்.

எட்டாவது மைலில் ஒரு மதகு. அதன் கட்டைச்சுவரில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தொழிலாளர் தெருக்காரர்கள். இடுப்பில் அரிவாள் இருந்தது. அறுவடை மாதத்தில் அரிவாள் இல்லாமல் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் எழுந்து நடுவில் நின்றார்.

“வாங்க மேஸ்திரி. ஆண்டை வீட்டுக் குதிரைக்கு லாடம் கட்டப் போறீங்களா?”

“குதிரைக்கு இல்லக்கா, கூட வர்ற கழுதைக்கு” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். டிரைவர் சைக்கிளின் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டி படுத்துடுச்சா?” என்று அந்தப் பெண் கேட்டார். கேள்வியில் ஆவல் இருந்தது.

“இல்லம்மா. எண்ணெய் மாத்தணும்.”

“நல்லா மாத்துங்க. நாளைக்கி எங்க வவுத்து மேல வழுக்கிக்கிட்டு ஓடணும்ல.”

கட்டைச்சுவரின் கடைசியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் வாய்க்காலைப் பார்த்தபடி, “அம்மாவுக்கு மருந்து வாங்கியாரச் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு தெரியல” என்றார். அவர்தான் அண்ணன் என்று புரிந்தது. டிரைவரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு வேளை. சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் சுவரின் மேல் வைத்தார். அந்தப் பெண் விலகி வழிவிட்டார்.

அங்கிருந்து கால் மைல் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நாட்குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் நான் நான்கு கட்டம் போடுவேன்: தேதி, வேலை, அளவு, செய்தவர். அந்த நாளின் பக்கத்தில் ‘செய்தவர்’ கட்டத்தில் என் கையெழுத்தில் இருந்தது: ‘களிமண் பிசைந்தது, ஜீப் டிரைவர்.’

சைக்கிளை விட்டு இறங்கினேன். பக்கத்தைக் கிழிக்கலாம். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் நானே எண் போட்டிருந்தேன். அடிக்கலாம், அடித்தது தெரியும். நாட்குறிப்பை வாய்க்காலில் எறிய நினைத்தபோது எதிரே போலீஸ் வேன் வந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பையை மூடிக்கொண்டு ஏறி மிதித்தேன். டிரைவரிடம் சொன்னேன். அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

ஐயாவின் களத்தில் வைக்கோல்போரின் மேல் கம்புகள் சாத்தியிருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐயா நாற்காலியில் இருந்தார்.

“ஏன்யா மேஸ்திரி, கூப்பிடாம வந்திருக்க?”

“எஞ்ஜின் அடியில ஒரு இடத்தைப் பாக்கணுங்க. அளவுல ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்பு.”

“நாளைக்கு வண்டி போகணும். இன்னிக்கித்தான் உனக்குத் தப்பு தெரிஞ்சுதா?” அவர் பார்வை டிரைவரின் மேல் போய் நின்றது. “யாரு போயிச் சொன்னது?”

களிமண்ணையும் சுருக்கத்தையும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் விவசாயி என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“நம்ம மண்ணு காயும்போது சுருங்காம இருக்குமாய்யா?” என்றார். “அதுல என்ன கலந்துச்சு? யாரு பெசைஞ்சா?”

சீட்டாட்டம் நின்றுவிட்டது.

“நான்தாங்க. விளக்கெண்ணெய் விட்டுப் பிசைஞ்சேன். அதை மறந்துட்டு எப்பவும் போடுற கணக்கைப் போட்டுட்டேன்.”

“நீ எதையும் எழுதி வைக்கிற ஆளாச்சே. அன்னிக்கி எழுதுனதக் காட்டு.”

எடுக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் அதைக் கை நீட்டுகிற தூரத்துக்குப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கண்ணாடியை எடுத்துட்டு வா” என்று ஒரு ஆளை உள்ளே அனுப்பினார். பிறகு நாட்குறிப்பை டிரைவரிடம் நீட்டினார்.

“நீ படிடா. பட்டாளத்துல படிச்சவந்தானே.”

டிரைவர் குதிகாலைச் சேர்த்து நின்று, இரண்டு கையாலும் அதை உயர்த்திப் பிடித்து, அணிவகுப்பில் உத்தரவு வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். தேதி. வேலை. முதல் சிலிண்டர் அறுபத்தெட்டு. இரண்டாவது அறுபத்தாறு. மூன்றாவது ஐம்பத்தொன்று. நான்காவது அறுபத்து நான்கு. “களிமண் பிசைந்தது” என்று வாசித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“மேஸ்திரி” என்றார்.

கண்ணாடி வந்தது. ஐயா அதைத் துடைத்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, நாட்குறிப்பைத் திரும்ப வாங்கினார். பயத்தில் எண்ணுவது என் சுபாவம். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதுவரை அவர் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் மூடி என்னிடம் கொடுத்தார்.

“தொறந்து பாரு” என்றார். எழுந்து உள்ளே போகும்போது நின்றார். “நாளைக்கு நீயும் வண்டியில ஏறணும். முன் சீட்டுல. அவன் பக்கத்துல.”

ஜீப்பின் அடியில் படுத்து எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றினேன். வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, எல்லோரும் பார்க்க, விளக்கெண்ணெய் விட்டு நானே பிசைந்தேன். எண்ணெயில் பிசைந்து எனக்குப் பழக்கம் இல்லை. மண் விரலில் ஒட்டியது. எவ்வளவு எண்ணெய் என்று தெரியாமல் விட்டுக்கொண்டே இருந்தேன். டிரைவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காயவிடாமல் அப்போதே அளந்தேன். மூன்றாவது சிலிண்டர்: ஐம்பத்தொன்று.

உட்சுவரில் அந்த இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு பளபளப்பு இருந்தது. போல்ட் பட்ட தடமா, மார்கழியில் என் அரம் விட்ட தடமா? டார்ச்சை எல்லாக் கோணத்திலும் பிடித்துப் பார்த்தேன். இன்றுவரை எனக்குத் தெரியாது. சுற்றிலும் துணியை அடைத்து, அராவி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி அளந்தேன். அறுபத்திரண்டு. மூடும்போது வெளிச்சம் போய்விட்டது. களத்திலேயே படுக்கச் சொன்னார்கள். படுத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். டிரெய்லரில் வெளியூர் ஆட்கள் இருபது பேர். மதுரைப் பக்கத்துக்காரர்கள், எந்த ஊருக்கு, யாருக்கு எதிராக வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கு முழுதாகத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் மடியில் தூக்குவாளியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் போலீஸ் வேன் கரை தொடங்கும் இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அதன் சக்கரம் ஏறாது.

தெருவில் எல்லோரும் நின்றார்கள். வாசல்களில், கரையின் இரு பக்கமும், செங்கொடிக் கம்பத்தின் அடியில். யாரும் பேசவில்லை. ஒரு கல்கூட வரவில்லை. ஐயா அன்று டீயைக் குடிக்காமல் சொன்னது இதைத்தான் என்று புரிந்தது. பார்வைக்கு ஒதுங்க இடம் இல்லை. மதகில் என்னை மறித்த பெண் நின்றிருந்தார். அண்ணன் நின்றிருந்தார். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க மூன்றாவது சிலிண்டரின் சத்தத்தை மட்டும் கேட்க முயன்றேன். நான்கு சிலிண்டரின் சத்தத்தில் ஒன்றைப் பிரித்துக் கேட்க யாராலும் முடியாது. ஆனாலும் கேட்டேன்.

தெருவின் முடிவில் பள்ளம். கார்த்திகையில் ஜீப் சிக்கிய இடம். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் சுழன்று சேற்றை வாரி அடித்தது. டிரைவர் கியரை மாற்றவில்லை, முடுக்கியை மிதிக்கவும் இல்லை. அப்படியே விட்டார். எஞ்ஜின் ஒரு முறை கீழே போய், பிறகு நீளமாக ஒரு இழுப்பு இழுத்தது. டிரெய்லரோடு மேலே வந்தோம். அந்த ஒரு வினாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் செய்தது வேலை செய்கிறது என்ற சந்தோஷம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

“லாடம் நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி” என்று பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

வயல் தலைமாட்டில் எஞ்ஜினை அணைத்ததும் டிரைவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆட்கள் இறங்கி வரப்பில் நடந்து போனார்கள்.

“அண்ணே, அவரு படிச்சிட்டாரா?”

“தெரியல தம்பி. ரொம்ப நேரம் பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.”

“இல்லண்ணே. கண்ணாடி வழியா இல்ல, கண்ணாடிக்கு மேல. என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.”

நான் எண்ணிய அந்த ஒரே முப்பத்தொன்றை நாங்கள் இருவரும் வேறுவேறாகப் பார்த்திருந்தோம்.

அறுவடை பதினோரு நாள் நடந்தது. பதினோரு நாளும் டிரைவர் ஓட்டினார். வேறு யாராலும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. பன்னிரண்டாம் நாள் காலை ஜீப் களத்தில் நின்றது, சாவி சீட்டின் மேல் இருந்தது, ஆளைக் காணவில்லை. தாயாரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்பது எனக்குத் தெரியும். ஒரு தபால் கார்டு வந்தது. படித்ததும் அடுப்பில் போட்டேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லலாம்: அவருடைய அண்ணன்.

சித்திரையில் ஐயா பிரேக் சரிபார்க்க வந்தார். புதிய டிரைவர் ஓட்டிவந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை குடித்தார். நாட்குறிப்பைப் பற்றியோ, போனவரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூலிக்கு ஒரு படி கூட்டிக் கொடுக்கச் சொல்லி அரசாங்கத்திலிருந்தே பேசுகிறார்கள் என்றும், காலம் கெட்டுவிட்டது என்றும் சொன்னார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, மேசையில் திறந்திருந்த என் நாட்குறிப்பைப் பார்த்தார். அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது.

“இப்பல்லாம் உனக்கு மண்ணு பெசைஞ்சு கொடுக்குறது யாருய்யா?”

“நானேதாங்க.”

“அன்னிக்கிப் பெசைஞ்சியே, அந்த மாதிரியா?”

நான் மேசைக்குப் போய் நாட்குறிப்பை மூடினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அலமாரியில் இருபத்தாறு நாட்குறிப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். அந்தச் சித்திரையிலிருந்து ‘செய்தவர்’ என்ற நான்காவது கட்டத்தில் ஒன்றும் எழுதியதில்லை.